திதி வெண்பாவுக்கு ஐந்து வருஷம்

மற்றவர்களிடம் பேசும்போது 'அவா' என்றுதான் சொல்வேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மரியாதை பார்த்து என்ன ஆகப்போகிறது, அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் என்னைக் கூப்பிட்டது 'அண்ணை' என்று. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே பிடிக்காது. அவளைவிட எனக்கு நாலே நாலு வயசுதான் கூட. பதிலுக்கு நான் தங்கச்சி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு நாளும் கூப்பிடவில்லை. "இஞ்சருங்கோ" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வன்னியில், புதுக்குடியிருப்பில் அவளைக் கல்வெட்டக்கா என்றால்தான் தெரியும். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வந்தவர்களின் கையில் செத்தவரைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கவேண்டும். அதைக் கல்வெட்டு என்போம். முதலில் பிள்ளையாருக்கு ஒரு காப்பு. அடுத்தது திதி வெண்பா, அதாவது இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன திதியில் இவர் போய்ச் சேர்ந்தார் என்று நாலு வரி. பிறகு வம்சம், மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி. எல்லாம் பாட்டு. அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவர். பக்கத்திலிருந்து அசை எண்ணிக் கொடுத்து எண்ணிக் கொடுத்து அவளுக்கும் அது வந்துவிட்டது. பகலில் தையல், விடியற்காலையில் கல்வெட்டு.

நான் தண்ணீரூற்று என்கிற ஊர்க்காரன். புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. கரண்ட் இல்லை. யந்திரத்தைக் காலால் மிதித்துத்தான் அடிப்போம். சண்டையால் வன்னிக்குக் கடதாசி வராத காலம் என்பதால் பள்ளிக்கூடக் கொப்பியைப் பிரித்து, கோடு போட்ட தாளிலேயே கல்வெட்டு அடித்தோம். செத்தவரின் பெயருக்குக் குறுக்கே நீலக்கோடு ஓடும். யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு அரிசி ஆலைக்காரர் செத்த இருபத்தேழாம் நாள் முதலாளி என்னை அவளிடம் அனுப்பினார். "இன்னும் பாட்டு வரேல்லை. போய் வாங்கிக்கொண்டு வா, நாலு நாளுக்குள்ள நான் அடிச்சுக் கட்ட வேண்டாமோ?"

விடிய ஐந்தரைக்குப் போனேன். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில். உள்ளே தையல் மெசினின் மூடியை மேசையாக்கி, அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் ஒரு விரலை உயர்த்தினாள்.

"அண்ணை, ஆறரை மட்டும் கதைக்கேலாது. அந்த உரலிலை இருங்கோ."

இருந்தேன். ஒரு மணித்தியாலம் முழுக்க அவள் ஒரு சொல் எழுதவில்லை. பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறரைக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"இண்டைக்கு இல்லை. நாளைக்கு வாங்கோ."

"இருபத்தேழாம் நாள் எண்டு தெரியுமோ?"

"எனக்கும் எண்ணத் தெரியும் அண்ணை."

"வராட்டி எழும்பிப் போய் வேற வேலையைப் பாக்கலாம்தானே. ஏன் சும்மா குந்திக்கொண்டு இருக்கிறியள்?"

"வராட்டிலும் இருக்கோணும். அது வாற நேரம் நான் இல்லாட்டி எங்கை போய் என்னைத் தேடும்?"

இந்தக் கதையெல்லாம் என்னிடம் செல்லாது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் உரல்தான். அன்றைக்குத் தாளின் தலைப்பில் 'இண்டைக்கு ஒண்டும் வரேல்லை' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே அந்த ஆலைக்காரர் சாப்பிட்டது, உடுத்தியது, ஏசியது என்று ஒரு இருபது விஷயம். பாட்டு இல்லை. கடதாசிக்கு இருக்கிற பஞ்சத்தில் இப்படி ஒரு அநியாயமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு எழுத எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மனிதர். ஊரில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது.

பகல் அவள் ஆலைக்காரரின் வீட்டுக்குப் போய் மகளோடு கதைத்திருக்கிறாள். வருஷக்கணக்காக ஆலைச் சத்தத்துக்குள் நின்று மனிதருக்கு இடது காது போய்விட்டதாம். வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி மட்டும் எப்போதும் வலது பக்கமாக நடப்பாளாம். இருபத்தொன்பதாம் நாள் ஆறு மணிக்கு அவளுடைய பேனை ஓடத் தொடங்கியது. மனைவி புலம்பலில் 'இனி எந்தப் பக்கம் நடப்பேன்' என்று வந்த இடத்தைக் கோக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அந்தியேட்டி வீட்டில் ஆலைக்காரரை ஏசிய சனமே அழுததென்று முதலாளி வந்து சொன்னார்.

அன்றைக்குத் தொடங்கியது எனக்கு இந்த வருத்தம். அதன்பிறகு பாட்டு வாங்கப் போகிற வேலையை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். கையோடு அச்சகத்தில் பிழையாக அடிபட்ட தாள்களைக் கட்டிக்கொண்டு போவேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அவள் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இது பத்து நாளுக்குக் காணும்" என்பாள். சந்தோஷம் என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

மலேரியா வந்து நடுங்கிக்கொண்டும் தாளுக்கு முன்னால் இருந்தாள். மாரியில் கூரை ஒழுகி, தாள் நனையாமல் ஒரு பக்கம் குடை பிடித்துக்கொண்டு இருந்தாள். பிளேன் சுற்றிய ஒரு காலையில் பங்கருக்குள் முழங்காலில் பலகை வைத்துக்கொண்டு இருந்தாள். மேலே இரைச்சல், பக்கத்தில் மாமியார் தேவாரம், இவள் விரலை மடித்து அசை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் பயத்தில் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பயத்தில் மட்டும் என்று சொன்னால் பொய்.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய ஒரே மகன்தான் இவளுடைய கணவர். தொண்ணூற்றைந்தில் ஆமி வர, யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டு நடந்தபோது இவர்கள் மூன்று பேரும் சாவகச்சேரி வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே கணவருக்குக் கட்டி வைத்த மாட்டின் நினைவு வந்துவிட்டது. "அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்" என்று சைக்கிளில் திரும்பிப் போனவர்தான். தேடாத இடமில்லை, எழுதிக் கேட்காத ஆளில்லை. மாமியும் மருமகளும் கடல் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"தம்பி, ஊர்ச்சனம் எல்லாத்துக்கும் எழுதுறாள். என்ர பிள்ளைக்கு எழுதுறாள் இல்லை," என்று மாமி ஒரு நாள் என்னிடம் முறையிட்டார். "எனக்குத் தெரியும் அவன் இல்லை எண்டு. பெத்த வயிறு சொல்லாதே? அவனுக்கு ஒரு நாள் வேணும், சோறு படைக்க. என்ர கண் மூடினா ஆர் படைக்கிறது?"

அவள் உள்ளேயிருந்து சொன்னாள். "எழுதுறன் மாமி. ஒவ்வொரு நாளும் இருக்கிறன்தானே."

உண்மையில் எழுதித்தான் இருந்தாள். வேறு வேலை இல்லாத காலைகளில் அவள் இருந்தது இதற்காகத்தான். ஒரு நாள் என்னிடம் காட்டினாள். காப்பு இருந்தது, வம்சம் இருந்தது, மாமிக்கான புலம்பல் இருந்தது, அவளுடைய புலம்பலே ஆறு பாட்டு இருந்தது. திதி வெண்பாவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் கால் மணித்தியாலத்தில் எழுதுகிற நாலு வரி.

"மற்றதெல்லாம் வந்திட்டுது. இது மட்டும் வருதில்லை அண்ணை," என்றாள்.

இங்கே என்னுடைய சிறுமையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு வரி வரவேண்டும் என்று மாமியைவிட நான் ஆசைப்பட்டேன். வந்துவிட்டால் அவள் கணவனை இழந்தவள், ஒரு நாள் நான் வாய் திறந்து கேட்கலாம். வராதவரைக்கும் அவள் இன்னொருவரின் மனைவி. நான் கண்டேயிராத ஒரு மனிதர் செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கடதாசி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காணாமல் போனவருக்குத் திதி வைப்பதென்றால் வீட்டைவிட்டுப் போன நாளை வைக்கலாம் என்று ஐயர் சொன்னாராம். மாமி அதை என்னிடம் சொன்னதும் எனக்கு ஒரு புத்தி வந்தது. எத்தனையோ திதி வெண்பா கோத்த கை. பழைய பஞ்சாங்கம் அச்சகத்தில் கிடந்தது. அவர் சைக்கிளில் திரும்பிப் போன நாளைத் தேடிப் பிடித்து, நாலு நாள் மண்டையை உடைத்து, ஒரு வெண்பா கட்டினேன். முதலாளி சாப்பிடப் போன நேரம் எழுத்துக் கோத்து ஒரு புரூப் எடுத்து, வேறொரு கல்வெட்டின் புரூப்போடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் பாரம் குறையும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் மற்றதைத் திருத்திவிட்டு இதை எடுத்தாள். வாசித்தாள். பென்சிலால் மூன்றாம் வரியில் ஒரு சீரைச் சுழித்தாள்.

"இதிலை தளை தட்டுது," என்றாள். பிறகு தாளை நாலாக மடித்து என் கையில் தந்தாள். "அவர் போன நாளை நீங்கள் செத்த நாளாக்கிப் போட்டியள் அண்ணை. அண்டைக்கு அவர் சாகேல்லை. அண்டைக்கு விடிய எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவர். சீனி காணாது எண்டு நான் ஏசினனான்."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று கிழமை அந்தப் பக்கம் போகவில்லை. தாள் முடிந்தபோது அவளே அச்சகத்துக்கு வந்து வாசலில் நின்றாள்.

"என்ன அண்ணை, பேப்பர் தர மாட்டியளோ?"

அவ்வளவுதான். அதைப்பற்றி அவள் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. நான் பழையபடி உரலில் போய்க் குந்தினேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பங்குனியில் மாமி செத்துப்போனார். நெஞ்சு நோகுது என்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க மகன் இல்லை. முல்லைத்தீவிலிருந்து ஒரு தூரத்து மருமகன் வந்து வைத்தான். 

அடுத்த நாள் ஐந்து மணிக்கு இருந்தாள். செத்த வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் மெசின் மூடியில் தாளை வைத்துக்கொண்டு இருந்தாள். பார்க்க வந்த சனம் இதென்ன மனுசி என்று முணுமுணுத்தது. இருபதாம் நாளே மாமியின் கல்வெட்டு என் கைக்கு வந்துவிட்டது. கோத்துக்கொண்டு போகையில் ஒரு இடத்தில் கை நின்றது. 'மகன் புலம்பல்' என்று போட்டிருந்தாள். ஆறு பாட்டும் அவருடைய வாயால். மாட்டை அவிழ்க்கப் போனவன் மாரிக்கும் வரவில்லை, அம்மா, உன் சிதைக்கும் வரவில்லை என்று ஒரு பாட்டு அழுதது. பத்து விரலாலும் உன் சோற்றைத் தின்றவன் ஒரு பிடி வாய்க்கரிசி போட வரவில்லை என்று இன்னொன்று அழுதது.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "மகன்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடுறதோ, விடுறதோ?"

அவளிடம் கேட்டேன். "போடாதேங்கோ. தாய்க்குக் கல்வெட்டிலையாவது பிள்ளை நிக்கட்டும்," என்றாள்.

ஐந்து மாதம் போனது. ஆவணியில் ஒரு காலை. ஆறேமுக்காலுக்குப் போனேன். அந்த நேரம் அவள் மெசினைத் திறந்து தைக்கத் தொடங்கியிருப்பாள். அன்றைக்கு மூடி திறக்கவில்லை. சட்டை தைக்க வந்த இரண்டு பெண்கள் வாசலில் காத்துநின்றார்கள். நாலு வருஷத்துக்கு மேல் அவளைப் பார்த்திருக்கிறேன், ஆறரை தாண்டி அவள் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். அந்தப் பெண்களைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

"இண்டைக்கு என்ன திதி அண்ணை?" என்று கேட்டாள்.

"சப்தமி எண்டு நினைக்கிறன்."

"தேய்பிறைச் சப்தமி. பாத்திட்டன்." தாளை நீட்டினாள்.

நாலு வரி. அவருடைய பெயர் இருந்தது. ஒரு சீர் கூடப் பிசகவில்லை. இரண்டு தரம் வாசித்தேன்.

"இது இண்டைய நாளெல்லோ?"

"ஓம்."

"இதெப்பிடி? அவர் தொண்ணூற்றைஞ்சிலை..."

"ஒவ்வொரு நாளும் விடிய, இண்டைக்கு எழுதிப்போடோணும் எண்டுதான் இருக்கிறனான். அவர் இல்லை எண்டு எழுத வராது. வராத நாளெல்லாம் அவர் இருந்த நாள் அண்ணை. நேற்று வரைக்கும் இருந்தவர்." நிறுத்தினாள். "இண்டைக்கு வந்திட்டுது."

பிறகு மெசின் மூடியில் முகத்தை வைத்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. "மாமி இருக்கேக்கை வந்திருக்கக்கூடாதோ, மாமி இருக்கேக்கை வந்திருக்கக்கூடாதோ" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கையில் அந்தத் தாளோடு ஒரு மரத்தைப் போல நின்றேன். 

அந்த நாலு வரியை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. ஆனால் ஒவ்வொரு எழுத்தாக அதைக் கோத்தவன் நான். அவருடைய பெயரைக் கோக்கும்போது எழுத்து இரண்டு தரம் கொட்டுப்பட்டது. முப்பத்தோராம் நாள் அவள் சோறு படைத்தாள். கல்வெட்டை வாங்கிய சனம் திதியைப் பார்த்துவிட்டு ஆளையாள் பார்த்தார்கள். அந்த நாளில் அவள் கொட்டிலில் இருந்ததை எல்லாரும் கண்டிருக்கிறார்கள், செத்தவீடு எங்கே நடந்தது? ஆனாலும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தியேட்டிக்கு அடுத்த நாளும் ஐந்து மணிக்கு இருந்தாள்.

"இனி என்னத்தை எழுதப் போறியள்?"

"தெரியாது. இருந்து பாப்பம்." அன்றைக்கு அவள் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு கிழமைக்குள் பாட்டு இல்லாமல் வசனமாக எழுதத் தொடங்கினாள். கதை என்று சொன்னாள், காட்டவில்லை.

அப்போது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வராது என்று தெரிந்ததால் கடிதமாக எழுதலாம் என்று நினைத்தேன். அவளுடைய முறையையே பிடித்தேன். ஐந்து மணிக்கு எழும்பி, முகம் கழுவி, தாளுக்கு முன்னால் இருந்தேன். முதல் நாள் 'அன்புள்ள' வரைக்கும் வந்தது. இரண்டாம் நாள் அதையும் வெட்டினேன். மூன்றாம் நாள் எதுவும் வரவில்லை. நாலாம் நாள் மழை, குளிர், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். பிறகு இருக்கவில்லை. அவள் இருந்தது வருஷக்கணக்கில், என்னால் முடிந்தது மூன்று நாள். வன்னியில் எனக்கு நடந்த இழப்புகள் எதற்கும் நான் பொறுப்பில்லை, இந்த ஒன்றுக்கு மட்டும் நானேதான் பொறுப்பு.

அடுத்த வருஷம் அவளுடைய தமையன் வெளிநாட்டிலிருந்து ஒழுங்கு செய்து, வன்னியைவிட்டுப் போகப் பாஸ் எடுத்துக் கொடுத்தான். வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து எங்கேயோ. மெசினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு உடுப்புப் பையும் ஒரு கட்டுத் தாளும்தான் சாமான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"போட்டு வாறன் அண்ணை," என்று ஏறினாள்.

"இஞ்சருங்கோ," என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். நன்றாக, நின்று, நான் சொல்லி முடிக்கும்வரை இருப்பேன் என்கிற மாதிரிப் பார்த்தாள். பஸ்ஸில் ஏற நின்ற சனம் அவளை நெருக்கியது. அவள் அசையவில்லை.

"கவனமாப் போங்கோ," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவளிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நானும் எழுதவில்லை, எழுதுவதற்கு விலாசம் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் கூடப்பிறந்த தங்கச்சியோடு இருக்கிறேன். ஆவணி மாதத்துத் தேய்பிறைச் சப்தமி வந்தால் மச்சம் மாமிசம் தொடமாட்டேன். ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் காகத்துக்கு வைத்த பிறகு. தங்கச்சி ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்.

"ஆருக்கண்ணை இந்த விரதம்?"

"ஒருத்தருக்கு."

"எங்கடை ஆக்களோ?"

இல்லை என்பேன். நான் ஒருநாளும் கண்டிராத மனிதர் அவர். நேற்று வரைக்கும் இருந்தவர் என்று அவள் சொன்ன அத்தனை நாளும், அவர் செத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். அவளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்கு இந்த ஒரு நேரச் சோற்றையாவது வைக்கிறேன்.